மிளகுப் பேரத்தில் ஐரிஷ் மொழி அதிகாரி: கொல்லிமலையில் ஒன்றரை நாள்

தை மாதக் கடைசியில் அயர்லாந்திலிருந்து வந்த இரண்டு பேரைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போய், எடப்புளி நாட்டில் ஒரு தோட்டத்து மிளகைப் பேசி முடித்தேன். முதல் நாள் பேரம் முறிந்தது. மறுநாள் காலை ஒட்டியது. முறிந்ததற்கும் ஒட்டியதற்கும் காரணம் ஒரே ஆள்தான். அவர் மிளகு வாங்க வந்தவர் இல்லை, மொழி வளர்க்கும் அரசு அமைப்பொன்றில் சம்பளம் வாங்குபவர்.

மலைக்குப் போகிற எண்ணத்தோடு படிப்பவர்களுக்கு வழி, செலவு எல்லாம் இடையிடையே சொல்கிறேன். அருவி படம் பார்க்க வந்தவர்கள் வேறு பக்கம் போகலாம். நான் அருவிக்கே போகவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாமக்கல்லில் மிளகு, புளி, கடுக்காய் மொத்த வியாபாரம். சைக்கிள் கேரியரில் புளி மூட்டை கட்டி ஆரம்பித்தவன். யாரையும் எடுத்தவுடனே நம்புகிற பழக்கம் கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாததால்தான் இன்றைக்கும் கடை திறந்திருக்கிறது.

வந்த இருவரில் ஒருவன் சரவணன். சேந்தமங்கலத்துப் பையன், அவனுடைய அப்பாவும் நானும் பழக்கம். மனைவிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைக்க, இவனும் கூடவே போனான். மேற்குக் கடற்கரையில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மசாலா பாக்கெட் போடுகிறான். அவன்தான் மார்கழியில் போன் செய்தான்.

"மாமா, கொல்லிமலை மிளகு நூத்தம்பது கிலோ வேணும். அரைப்பழுப்புல உருவினது வேண்டாம். கொத்துல ரெண்டு மணி செவந்த பொறவு பறிச்சதா இருக்கணும். பாக்கெட்ல அந்த ஊரு பாஷையில பேரு போடறோம்."

"அந்த ஊரு பாஷை இங்கிலீஷ்தானே?"

"இல்ல மாமா. ஐரிஷ்."

அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு இடித்தது. அந்த நாட்டில் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும். ஐரிஷ் அவர்களுடைய சொந்த மொழி, பேசுகிறவர்கள்தான் குறைவு. பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ரோட்டுப் பலகை இரண்டு மொழியில் இருக்கும். சரவணன் இருக்கிற பக்கத்தில் பலகைகூட ஐரிஷில் மட்டும்தான். அந்த மொழியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, தொழிலையே ஐரிஷில் நடத்துகிற சின்ன கம்பெனிகளுக்கு உதவி தருமாம். பாக்கெட் அச்சடிக்கும் செலவில் ஒரு பங்கு, வேலையாள் ஒருவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. பில் ஐரிஷில் இருக்க வேண்டும், கடை போனை எடுத்தால் ஐரிஷில் பேச வேண்டும். பேசுகிறார்களா என்று அந்த ஆபீஸிலிருந்தே சும்மா போன் போட்டுப் பார்ப்பார்களாம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இதுல யாரு கண்ணு கமிஷன் அடிக்கிறது?"

சரவணன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த மொழி ஒன்று இருக்கும்போது, தெரியாத மொழியில் போனை எடுப்பவனுக்கு ஓர் அரசாங்கம் பணம் தருகிறதென்றால் அதில் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும். என் கடைப் பலகையில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று ஒரு முறை நம்மூர் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மொழி என்று சொல்லிக்கொண்டு ஓர் அதிகாரி வாசலில் நின்றால் காப்பி சொல்வதற்கு முன்னால் அவர் கையைப் பார்ப்பது என் வழக்கம்.

அப்படிப்பட்ட அதிகாரி ஒருவரையே அவன் கூட்டிக்கொண்டு வந்தான். ஓர்லா என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, என்னைவிட ஒரு சாண் உயரம். அந்த அமைப்பில் கள அதிகாரி. சரவணனின் விண்ணப்பம் அவர் மேசையில்தான் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துத் தென்னிந்தியா சுற்ற வந்தவர், "மிளகு எப்படிக் காய்க்கிறது என்று பார்க்கலாமா?" என்று கேட்டாராம். சொந்தக் காசுதானா என்று நான் அவரிடமே கேட்டேன். "என் காசுதான். ரசீது வேண்டுமா?" என்றார். அவர் பேசியது இங்கிலீஷில், நான் என் தமிழில் எழுதுகிறேன். என் இங்கிலீஷ் சந்தை இங்கிலீஷ். கேட்டால் புரியும், பேசினால் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

நாமக்கல்லில் காலை ஆறேகாலுக்கு என் காரில் கிளம்பினோம். சேந்தமங்கலத்தில் இட்லி, வடை, காப்பி, மூன்று பேருக்கு 210 ரூபாய். காளப்பநாயக்கன்பட்டியில் டீசல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேலே பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காரவள்ளி அடிவாரத்தில் செக்போஸ்ட். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் பல முறை ஏறியவன், இருந்தாலும் முப்பதைத் தாண்டினால் தோள் கழன்றுவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சரவணன் மூன்றாவது வடை சாப்பிட்டதை நாற்பத்திரண்டாவது வளைவில் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

என் மனது கெட்டது வளைவில் இல்லை, பின்சீட்டில். இரண்டு பேரும் ஐரிஷில் பேசிக்கொண்டே வந்தார்கள். கொஞ்சநஞ்சமில்லை, அடிவாரத்திலிருந்து ஆரம்பித்தது நிற்கவே இல்லை. தொண்டையில் ஏதோ சிக்கியதை மரியாதையாக வெளியே எடுப்பது போல ஒரு சத்தம், நடுவில் காற்று ஊதுவது போல ஒன்று. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும். இவனுக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் தெரியும். அப்படியிருக்க மூன்றாவது ஒரு மொழி எதற்கு? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்டியிலும் நாங்கள் அப்படித்தான். விரல் ஒன்றுக்கு இவ்வளவு, முழுக் கைக்கு இவ்வளவு. வாய் "மழை எப்படி?" என்று கேட்கும், விரல் ஆயிரம் ரூபாய் குறைக்கும். எதிரே நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது, அவ்வளவுதான். இவர்களுடைய ஐரிஷும் அந்த மாதிரி ஒரு துண்டு என்றே முடிவு கட்டினேன். கண்ணாடியில் ஒரு கண், ரோட்டில் ஒரு கண்.

செம்மேடு வரை என் மீட்டரில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்குக் காரை நிறுத்திவிட்டு ஜீப் பிடித்தோம். டிரைவர் மாதேஷ். போகவர, காத்திருப்புச் சேர்த்து 2,200 கேட்டு 1,800க்கு வந்தார். வெள்ளைக்காரர் கூட இருந்தால் பேரத்தை முடித்துவிட்டு அப்புறம் அவரை ஜீப்பருகே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்தம்மா வருவதைப் பார்த்ததும் மாதேஷ் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, இதச் சொல்லவே இல்லீங்களே?"

"சொல்லியிருந்தா உங்க ஜீப் கூடுதலா டீசல் குடிச்சிருக்குமே?"

போகும்போது பின்னால் அதே பேச்சு. மாதேஷ் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அது என்ன பாஷைங்கண்ணா? மலையாளமுங்களா?"

"ஐரிஷ். அவங்க அரசாங்கம் அதப் பேசினா காசு குடுக்குது."

"அடடா! எங்க ஊட்டுல பேசாம இருந்தா நான் காசு குடுப்பனுங்க."

எடப்புளி நாடு என்பது ஒரே ஊர் இல்லை. ஒரு மேட்டில் நாலு வீடு, அடுத்த பள்ளத்தில் ஆறு வீடு என்று சிதறிக் கிடக்கும். நாங்கள் போன ஊரின் பெயரை எழுத மாட்டேன், போட்டி வியாபாரிகளும் படிக்கிறார்கள். தோட்டம் வெள்ளையன் என்கிற உள்ளூர்க்காரருடையது. வெள்ளையனுடையது என்று பட்டாவில் இருக்கும்; முடிவு எடுப்பது அவர் மனைவி சின்னப்பொண்ணு. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, மேல்காடு கீழ்காடு இரண்டும் சேர்த்து முந்நூறு கொடிக்குக் குறையாது. ஊடே காப்பி. ஓரத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி.

சிக்கல் என்னவென்றால், மலையில் பெரும்பாலும் மிளகைக் கொடியிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகைக்காரர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், பச்சையும் பழுப்புமாக ஒரே வீச்சில் உருவிக்கொண்டு போவார். விலை குறைவு, ஆனால் கையில் காசு. சின்னப்பொண்ணு வீட்டுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் குத்தகைக்காரர் பணத்தோடு வருவதாக இருந்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். சரவணன் கேட்கிற மாதிரி என்றால் கொத்து சிவக்கக் காத்திருக்க வேண்டும், மூன்று முறை ஏறிப் பறிக்க வேண்டும், தார்ப்பாயில் காயவைக்க வேண்டும். அதற்குள் குத்தகைக்காரர் வேறு காட்டுக்குப் போய்விடுவார். காத்திருந்த பிறகு சரவணன் வாங்கவில்லை என்றால் அந்த வீட்டின் ஒரு வருஷம் போச்சு. இந்த மலையில் என் வாக்கும் போச்சு.

அந்தம்மா கொடியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பச்சை மணியைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு நின்றார். நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்: போட்டோ. இந்த மலையில் பேனர் பிடித்து, விவசாயி தோளில் கை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு திரும்பியே வராத திட்டங்கள் எத்தனையோ. அந்தம்மா போனை வெளியே எடுக்கவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

களத்துமேட்டில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், நாளைக்கு உங்க கவர்மென்ட் மாறி, இந்த ஆபீஸை மூடிட்டா?"

"நடக்கலாம்" என்றார்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் இந்த பாஷை பிடிக்குமா?"

"இல்லை. வீண் செலவு என்று சொல்பவர்கள் நிறையப் பேர். என் தம்பியே சொல்வான்."

வியாபாரத்தில் "நடக்கலாம்" என்று சொல்கிறவன் இரண்டு வகை. ஒன்று, ஏமாற்றத் தெரியாதவன். இன்னொன்று, ஏமாற்றுவதில் தேர்ந்தவன். எந்த வகை என்று நான் யோசிப்பதற்குள் அவர் சரவணன் பக்கம் திரும்பி ஐரிஷில் ஏதோ சொன்னார். அவன் பதில் சொன்னான். அவர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அவன் குரல் ஏறியது. அவர் குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை.

சரி, விலையைக் குறைக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து வெள்ளையன் கைமேல் போட்டேன். அவர் பழைய ஆள், உடனே கையை நீட்டினார். எழுநூற்றுக்குக் கீழே இறங்காதே என்று விரலைப் பிடித்துச் சொன்னேன். இரண்டு பேரும் சாமை விளைச்சலைப் பற்றிப் பேசுவது போல முகத்தை வைத்துக்கொண்டோம்.

சின்னப்பொண்ணு தண்ணீர்ச் சொம்போடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துண்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஐரிஷில் நடக்கும் சண்டையைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, மொளகு யாருதுங்க?"

"உன்னுதுதான் ஆத்தா."

"எம் மொளகுக்கு இவரு துண்டுக்குள்ள ஒரு பாஷை பேசறாரு. அக்கட்டால அவிய ரெண்டு பேரும் ஒரு பாஷை பேசறாங்க. எனக்கு மட்டும் வாயும் இல்ல, கையும் இல்லீங்களா?"

வெள்ளையன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அவங்கதான் ரகசியம் பேசறாங்க, நம்ம ஒரு பாதுகாப்புக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசினா பாதுகாப்பு, அவிய பேசினா ரகசியமுங்களா? நல்லா இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அந்தம்மா பக்கம் திருப்பினேன். "மேடம், இப்ப இவன்கிட்ட என்ன சொன்னீங்க? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சரவணனைப் பார்த்து ஐரிஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவன் தலை குனிந்திருந்தது.

"சொல்லு தம்பி."

"நானே சொல்லணுமாம், மாமா."

"சொல்லு."

"மானியம் இன்னும் முடிவாகல. கமிட்டி அடுத்த மாசம்தான் உக்காருது. கிடைக்கலாம், கிடைக்காமயும் போகலாம். அத உங்ககிட்ட சொல்லாம இவங்களக் காத்திருக்கச் சொல்லக்கூடாதுன்னு கார்ல இருந்தே சொல்லிட்டு வர்றாங்க."

எழுபது வளைவு முழுக்க அதுதான் நடந்திருக்கிறது. ஒளித்துப் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தது சரி. ஒளித்தவன் நம்ம ஊர்க்காரன், ஒளிக்காதே என்று சண்டை போட்டவர் அயல்நாட்டு அதிகாரி என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சின்னப்பொண்ணு சத்தம் போடவில்லை. "அப்ப நாளைக்குக் குத்தகைக்காரரையே வரச்சொல்லிப்போடறனுங்க. எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க" என்றார். பேரம் முறிந்தாலும் வந்த ஒறம்பரையைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவ்வளவு ருசியான சோற்றை அவ்வளவு அமைதியாக நான் சாப்பிட்டதே இல்லை.

மூன்று மணிக்குச் செம்மேடு திரும்பினோம். லாட்ஜில் இரண்டு ரூம், ஒவ்வொன்றும் 1,200. சுடுதண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். சரவணன் ரூமுக்குள் போய் முடங்கிக்கொண்டான். நான் அந்தம்மாவை எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். டீ 15, மிளகாய் பஜ்ஜி 10. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அவன் உங்க பாஷையைக் கத்துக்கிட்ட ஆளு. அவன் கம்பெனி வளர்ந்தா உங்களுக்குத்தானே பேரு? எதுக்கு உடைச்சீங்க?"

நல்ல மனசு, நியாயம், நேர்மை என்று ஏதாவது சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். மானியத்தை நம்பித் தொழில் தொடங்கி, அது தாமதமானதும் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்தவர்கள் கமிட்டியைத் திட்டுவதில்லை, மொழியைத் திட்டுகிறார்கள். 'ஐரிஷ் என்னைக் கெடுத்தது' என்று ஓர் ஊரில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஊரில் எனக்கு அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. எங்களுக்கு மிச்சமிருப்பதே சில ஊர்கள்தான்."

இது எனக்குப் புரிந்தது. இது சரக்கு அறிந்தவர் பேச்சு. கெட்டுப்போன மிளகை ஒரு கடையில் போட்டால் அந்தத் தெருவே போய்விடும் என்று நான் என் பையன்களிடம் சொல்வதும் இதைத்தான்.

"சரி, அவனோட எதுக்கு இங்கிலீஷ்ல பேசறதில்ல? எங்களுக்குச் சந்தேகம் வருதில்ல?"

"அவன் எங்கள் ஊருக்கு வந்த முதல் வாரம் ஐரிஷில் பேசச் சொல்லிக் கேட்டான். ஒருவரிடம் ஒரு முறை இங்கிலீஷுக்கு மாறிவிட்டால் திரும்பி வரவே முடியாது. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் போயிற்று. அதனால் சண்டை போட்டாலும் ஐரிஷில்தான்."

பஜ்ஜியை முடித்துவிட்டு ரூமுக்குப் போய் சரவணனை எழுப்பினேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி. "மானியமே இல்லைன்னு வெச்சுக்க. பாக்கெட் செலவு உன்னுது, கூலி உன்னுது. அப்பவும் இந்த மிளகு உனக்குக் கட்டுமா?"

"விக்கும் மாமா. லாபம் கம்மி."

"எத்தனை கிலோ?"

"நூத்தம்பதும்."

"அப்புறம் எதுக்குடா மறைச்சே?"

"மானியம் இருக்குன்னு சொன்னாத்தான் நீங்க நம்புவீங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பற்றி அவன் அவ்வளவு தப்பாக நினைத்திருக்கிறான். கவர்மென்ட் காசு வருகிறது என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப்பையைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவனுடைய அப்பாவுக்குத் தெரியும். மனைவிக்குப் போன் போட்டுப் பேசினான். தமிழில்தான், என் முன்னாலேயே. முன்பணத்துக்கு அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கே சின்னப்பொண்ணு வாசலில் நின்றோம். துண்டை ஜீப்பிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவரும் கவனித்தார்.

"துண்டு எங்கீங்க?"

"ஜீப்புல."

"அப்ப பேசலாமுங்க."

முழுத் தோட்டத்தையும் எங்களிடம் தர அவர் சம்மதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு காடு இருக்கும்போது இரண்டையும் ஒரே ஆளிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்? கீழ்காடு குத்தகைக்காரருக்கு, மேல்காடு சரவணனுக்கு என்றார். விலையில் ஒரு மணி நேரம் இழுத்தது. அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை மட்டும் சரவணனிடம் ஐரிஷில் ஏதோ சொல்ல, சின்னப்பொண்ணு பட்டென்று கையை நீட்டினார்.

"என்னங்க சொன்னாங்க?"

சரவணன் நெளிந்தான். "நீங்க இன்னும் இருபது ரூபா ஏத்துவீங்கன்னு சொன்னாங்க."

"முப்பதுன்னு நெனச்சிருந்தன். பரவால்லீங்க, இருபது."

முடிந்ததும் அந்தம்மா இன்னொரு குண்டைப் போட்டார். அவர்கள் ஊர் மாட்டுச் சந்தையில் பேரம் படிந்தால், பணம் வாங்கியவர் அதில் கொஞ்சத்தைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவாராம். அதிர்ஷ்டத்துக்கு. தராவிட்டால் வாங்கிய கன்று உருப்படாதாம். எனக்கு உடம்பெல்லாம் எச்சரிக்கை மணி. வந்துவிட்டது, ஒன்றரை நாளாக நான் எதிர்பார்த்த கமிஷன்.

"எத்தனை பர்சென்ட்?" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு காசு போதும். எனக்கு இல்லை, வாங்குகிற அவனுக்கு."

குத்தகைக்காரர் பத்து மணிக்குச் சரியாக வந்தார். எங்களைப் பார்த்து முகம் சுளித்தார், பிறகு கீழ்காட்டைப் பார்க்கப் போனார். நாங்கள் இறங்கினோம்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. நாமக்கல்லிலிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் நாடுகளுக்குள் போக ஜீப் இல்லாமல் ஆகாது. செம்மேட்டில் மட்டும் பேசுங்கள், வளைவு முடிகிற இடத்தில் பேசாதீர்கள். துறையூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் புளியஞ்சோலையில் குளித்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து மலைமேல் வண்டி ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நடந்து ஏறும் வழி. தை, மாசியில் ஸ்வெட்டர் வேண்டும். ரோட்டோரம் "மலைத்தேன்" என்று விற்பதை வாங்காதீர்கள். மிளகு வாங்குவதானால் ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது நிறைய இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் மூவர் செலவும் சேர்த்து, சாப்பாடு தவிர, டீசல், ஜீப் இரண்டு நாள், ரூம் எல்லாம் ஏழாயிரத்துக்குள் அடங்கியது. அந்தம்மா தன் பங்கைத் தனியாக எண்ணிக் கொடுத்துவிட்டார், ரூம் பில்லையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அதை அந்த ஊர் ஆபீஸில் கொடுத்துக் காசு வாங்குவாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் பாதி இருக்கிறது.

பாக்கெட் மாதிரி ஒன்றை சரவணன் அனுப்பியிருக்கிறான். மேலே "பிபர் துவ்" என்று வருமாம், கருமிளகு என்று அர்த்தம். அவர்கள் எழுத்தில் இருக்கிறது, நான் தமிழில் எழுதினேன். கீழே தமிழில் மிளகு. இங்கிலீஷ் ஓரத்தில் பொடி எழுத்தில். சின்னப்பொண்ணுவிடம் போனில் சொன்னேன். "என்ன பாஷையில வேணா எழுதிக்கட்டுங்க. எடையை மட்டும் சரியா எழுதச் சொல்லுங்க" என்றார். கமிட்டி முடிவு இதை எழுதும் வரை வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கீழே இருப்பதில் ஓர் எழுத்தும் மாறாது.

பேசி முடித்தது இது. மேல்காட்டு மிளகு, கொத்து சிவந்த பிறகு பறித்து, தார்ப்பாயில் காய்ந்தது, நூற்றைம்பது கிலோ, கிலோ 760 ரூபாய். முன்பணம் 40,000, சரவணன் வாங்காமல் போனால் திரும்ப வராது. மீதி செம்மேட்டில் எடை போட்ட உடனே, மூட்டை வண்டியில் ஏறுவதற்கு முன். செம்மேட்டிலிருந்து லாரி வாடகை என்னுடையது, என் கமிஷன் கிலோவுக்கு 15 ரூபாய், அதைச் சரவணன் தருவான். அந்த வாசலில் யார் எந்த மொழியில் பேசினாலும் உடனே தமிழில் சொல்லிவிட வேண்டும், துண்டும் அதில் சேர்த்தி. சின்னப்பொண்ணு சரவணனுக்குத் திருப்பித் தந்தது பத்து ரூபாய், ஒரே நாணயமாக.